மலையில் இல்லாதவள்

எனக்கு அப்போது கல்யாண வயது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டியில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோலைப் போட வேண்டும், புரட்ட வேண்டும், எடுத்து அடுத்த தொட்டியில் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பை வளைத்துச் செய்கிற வேலை. அதை முடித்துவிட்டு வந்த ஒருத்தன் இராத்திரியில் மலைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான் என்றால், அவனுக்கு ஏதோ கோளாறு என்று நினைப்பது இயல்புதான். வேறு யாராவது போயிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதல் தடவை போனது ஒரு கல்யாணத்துக்கு. ஷாப்புக்குப் பட்டை கொண்டுவந்து போடும் மலைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறிப் போனேன். சாப்பிட்டதும் எல்லாரும் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். எனக்குக் காலையில் வேலை இருந்தது. நிலா வேறு நன்றாகக் காய்ந்தது. கிளம்பிவிட்டேன். அந்த மலைக்கு அப்போது தார் ரோடு கிடையாது. காட்டிலாகா மரம் வெட்டக் கூப்பு ஏலம் விட்டபோது லாரி போய்வர வெட்டிப் போட்ட பாதை ஒன்று இருந்தது. கூப்பு ரோடு என்பார்கள். பேர்தான் ரோடு. மழைத்தண்ணீர் அரித்து நடுவே பள்ளம், இரண்டு பக்கமும் உருட்டுக்கல், வளைவுக்கு வளைவு வேர். அதில் சைக்கிளில் உட்கார்ந்து இறங்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவன் கொஞ்சம் சமமான இடம் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். சமம் முடிந்த பிறகும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அடிவாரத்துக்கு வந்தபோது கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. முட்டியில் தோல் பெயர்ந்திருந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகமில்லை. எங்கள் வீட்டில் ஒரே அறையில் எல்லாரும் படுப்போம். ஒருத்தர் புரண்டால் வரிசையாக எல்லாரும் புரள வேண்டும். ஷாப்பில் மேஸ்திரியின் சத்தம். தெருவில் காலை வைத்தால் "இன்னாப்பா, எங்க கிளம்பிட்டே?" என்று கேட்காமல் ஒருத்தரும் விடமாட்டார்கள். கூப்பு ரோட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ஒன்றுதான் அங்கே வேலை.

அதன் பிறகு மாதத்தில் நாலைந்து இராத்திரி போக ஆரம்பித்தேன். சைக்கிளில் ஆடுகிற, சத்தம் போடுகிற சாமானையெல்லாம் கழற்றினேன். மட்கார்டு போயிற்று, செயின் கவர் போயிற்று, பெல்லும் ஸ்டாண்டும் போயிற்று. "இன்னாடா, உரிச்ச கோழி மாதிரி வச்சிருக்கே?" என்று தெருவே கேலி செய்தது. டைனமோ லைட்டையும் எடுத்துவிட்டேன். ஏறும்போது சைக்கிளைத் தள்ளுகிறோம், சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, வெளிச்சம் வராது. இறங்கும்போது பளீரென்று எரிந்து கண்ணைப் பறித்துவிடும். அதனால் இரண்டு கட்டை டார்ச் ஒன்றை வாங்கி, ஹேண்டில்பாரில் கட்டாமல், முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கில் தாழக் கட்டினேன். வெளிச்சம் தரையோடு போனால் சின்னக் கல்லுக்கும் நீளமாக நிழல் விழும். நிழலைப் பார்த்துக் கல்லின் உயரம் சொல்லிவிடலாம். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விழுந்து விழுந்து தெரிந்துகொண்டது.

ஓட்டுவதும் அப்படித்தான். செங்குத்தான இடத்தில் சீட்டில் உட்காரக் கூடாது. பின்னால் கேரியர் வரைக்கும் சரிந்து, பெடலில் நின்றபடி வர வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அது நம்மைத் தூக்கிப் போட்டுவிடும். கொஞ்சம் தளரவிட்டால் சக்கரமே வழியைத் தேடிக்கொள்ளும். பயந்து பார்க்கிற கல்லின் மேல்தான் சக்கரம் போய் ஏறும், அதனால் கல்லைப் பார்த்துவிட்டு உடனே கல் இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை வளைவில் கரடி ஒன்று புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. நான் நின்றேன், அதுவும் நின்றது. அதற்கு என்ன தோன்றியதோ, சலித்துக்கொண்டது போல உறுமிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி யோசித்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு பீடி குடிப்பேன். காட்பாடிப் பக்கமிருந்து வருகிற ரயில் கீழே ஊர்ந்து போவதைப் பார்ப்பேன். சட்டை காய்ந்ததும் திரும்பிவிடுவேன். ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்குவது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எல்லாம்.

பிரேக் விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. பிரேக் ரப்பர் இரண்டு மூன்று இறக்கத்திலேயே தேய்ந்துபோகும். எங்கள் ஊரில் எது தேய்ந்தாலும் தோலை வெட்டி வைப்பது வழக்கம். கதவுக் கீலுக்குத் தோல், தண்ணீர் பம்புக்கு வாஷர் தோல், மண்வெட்டிக் காம்பு ஆடினால் இடுக்கில் ஒரு துண்டுத் தோல். நானும் ஷாப்பில் கழித்துப் போட்ட தடித்த அடித்தோலை வெட்டி, ரப்பர் இருந்த இடத்தில் அடித்து ஏற்றினேன். அருமையாகப் பிடித்தது. இறங்கும்போது தோல் கருகுகிற வாசனை வரும், அவ்வளவுதான். மேஸ்திரியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். நாள் முழுக்க ஈரத்தோலைத் தூக்கிப் போட்டு, அது கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்து திட்டு வாங்குகிறவன் நான். ஈரத்தோல் வழுக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. மேஸ்திரிக்கும் வரவில்லை.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் திருப்பத்தூர்ப் பக்கம். ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். காபி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், பட்டைச் சாயம் ஏறிய என் கையைப் பார்த்தாள். அருவருப்பாகப் பார்க்கவில்லை. இது எப்படிப்பட்ட கை என்று யோசிப்பது போலப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தாம்பூலம் மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மலையில் மாலையில் மழை பெய்து விட்டிருந்தது. போயிருக்கக் கூடாது, போனேன். இறங்கி வருகையில் அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே கானாறு ஒன்று குறுக்கே வரும். வழக்கமாகச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடப்பேன். அன்றைக்கு வேகம் நன்றாக இருந்ததால் தண்ணீருக்குள்ளேயே விட்டு, அந்தப் பக்கம் ஏறி, கடைசி இறக்கத்தில் இறங்கினேன். எதிரே பெரிய டார்ச் லைட்டுகள் எரிந்தன. விசில் ஊதினார்கள். போலீஸ்.

அது மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். மலையில் சாராயம் காய்ச்சி, லாரி டியூபில் அடைத்து, இராத்திரியில் சைக்கிளில் இறக்குவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் பிரேக்கைப் பிடித்தேன். நனைந்த தோல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. "சார், பிரேக் புடிக்கல! பிரேக் புடிக்கல!" என்று கத்திக்கொண்டே அவர்கள் நடுவே புகுந்து போனேன். ஒரு கான்ஸ்டபிள் முள்ளுப்புதரில் குதித்தார். நான் ஒரு புளியமரத்தில் மோதித்தான் நின்றேன்.

ஓடப் பார்த்தவன், கான்ஸ்டபிளைக் கொல்லப் பார்த்தவன் என்று ஆகிவிட்டது. டியூபைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "வழியிலயே எறிஞ்சிட்டான் சார்" என்றார் முள்ளில் விழுந்தவர். சப்-இன்ஸ்பெக்டர் வெளியூரிலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்தவர். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். சாராய ஊறலில் வேலம்பட்டை போடுவார்கள். என் கையில் இருந்ததோ ஆவாரம்பட்டை. புளித்த பட்டையில் இது எது அது எது என்று எங்கள் ஊர் மூக்குக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"இராத்திரியில மலைக்கு எதுக்குடா போன?"

"சும்மா சார்."

"சும்மான்னா?"

"சைக்கிள் ஓட்ட சார்."

"ஊர்ல ரோடு இல்ல?"

"இருக்கு சார். அங்க இறங்கி வர்றது நல்லா இருக்கும் சார்."

அடி விழுந்தது. அடித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் என்னதான் செய்வார்?

காலையில் சேதி தெரிந்து மேஸ்திரி வந்தார். சத்தம் போடுகிற ஆள்தான், ஆனால் தன் தொட்டி ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

"சார், சாராயமெல்லாம் இல்ல சார். இவன் பீடிக்கு மேல எதையும் தொட மாட்டான். மலையில ஒரு பொண்ணு இருக்குது. அதான் இந்த ஓட்டம். வெளிய சொல்ல வெக்கப்படறான்."

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கடைசியில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"அப்படியாடா? யாரு அவ? பேரைச் சொல்லு. விசாரிச்சிட்டு விட்டுடறேன்."

மேஸ்திரி எனக்குக் கண்ணைக் காட்டினார். ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். மலையில் எனக்குத் தெரிந்த ஒரே பெண், கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டில் இருக்கிற அந்தப் பட்டைக்காரர் மகள்தான். வேறு எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பேரில் ஒருத்தி அங்கே இருப்பாள், அவள் வீட்டு வாசலில் போய் ஜீப் நிற்கும்.

"அப்படி யாரும் இல்ல சார்."

ஓர் அறை விழுந்தது. "பேரு?"

"யாருமே இல்ல சார்."

இன்னொன்றும் விழுந்தது. அதற்கும் நான் அதையேதான் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் கையை உதறிக்கொண்டு ஹெட் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "பாருய்யா, இவ்வளவு வாங்கியும் அவ பேரை வெளிய விட மாட்டேங்கறான்" என்றார். குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். மத்தியானம் விட்டுவிட்டார்கள். சைக்கிளையும் கொடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்காது. என்னைக் காப்பாற்றிய கதையை டீக்கடையில் சொன்னார், மண்டியில் சொன்னார், ரயில்வே கேட்டில் நின்றுகூடச் சொல்லியிருப்பார். அது திருப்பத்தூருக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. பெண்ணின் அப்பா வந்தார். எங்கள் அம்மா கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மலை, கல், டார்ச், தோல் பிரேக், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "இதுக்கு நீ அந்தப் பொண்ணு விஷயத்தையே சொல்லியிருக்கலாம்" என்றார். எழுந்து போய்விட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம்.

நிற்கவில்லை. பெண்ணே பிடிவாதமாக ஒத்துக்கொண்டாள் என்று சேதி வந்தது. என்னை நம்பித்தான் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து, நான் கல்யாணம் முடிகிற வரை தரையில் நடக்கவில்லை. உலகத்தில் ஒரே ஓர் ஆளாவது நான் சொன்னதை நம்பியிருக்கிறாளே என்று இருந்தது.

கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும். பேச்சுவாக்கில் சொன்னேன். "மலையில யாரும் இல்லன்னு நீ நம்பினதே பெரிய விஷயம்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நான் கேட்டனா?"

"கேக்கல. இருந்தாலும் தெரிஞ்சிக்க. மேஸ்திரி சும்மா அடிச்சு விட்டது அது."

"போலீசு அடிச்சப்பவே சொல்லாத ஆளு, எங்கிட்டயா சொல்லப் போறீங்க?" என்றாள். பிறகு சாதாரணமாக, கீரையைப் பார்த்துக்கொண்டே, "அதுக்காகத்தான நான் ஒத்துக்கினேன். எங்கப்பா வேணாம்னாரு. அடி வாங்கியும் ஒருத்தி பேரைக் கெடுக்கல, அந்த மாதிரி ஆளு கட்டினவளை நடுத்தெருவுல விட மாட்டாருன்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

இல்லாத ஒருத்தியைக் காட்டிக்கொடுக்காத புண்ணியத்தில் எனக்குப் பெண் கிடைத்திருக்கிறது. அவள் நல்லவள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் என்னை நம்ப வேண்டும் என்று ஆசை வந்தது. போலீசும் மாமனாரும் நம்பாவிட்டால் போகட்டும். பக்கத்தில் படுக்கிறவள் நான் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதன் பிறகு பல வருஷம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். "நீயும் ஒரு வாட்டி வா, வந்து பாரு" என்று கூப்பிட்டேன். "நான் வந்து நின்னா அவ மனசு இன்னா பாடுபடும்?" என்று கேட்டாள். சரி, போகிறதையே நிறுத்தினால் நம்பிக்கை வரும் என்று நிறுத்தினேன். மட்கார்டை மாட்டினேன், பெல்லை மாட்டினேன், டைனமோவைக்கூட மாட்டினேன். மூன்றாவது மாதம் அவள் ஒருநாள், "எனக்காக விட்டுட்டீங்களா? பாவங்க அவ" என்றாள். வீட்டில் கறி எடுத்தால் பாதியில் நிறுத்தி, "அவளுக்கு யாரு இதெல்லாம் ஆக்கிப் போடறாங்களோ" என்பாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிரிந்திருக்கிறவனுக்கு எரிச்சல் வருவது சகஜம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் அதை வைத்து ஒருநாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. சந்தேகப்படுகிற பெண்டாட்டியாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இவளிடம் என்ன சண்டை போடுவது? சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துவிட்டு மலைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். எனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து அதுவும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. ஷாப்பில் பட்டைத் தொட்டிகளை மூடிவிட்டு, குரோம் போட்டுச் சுற்றுகிற டிரம்கள் கொண்டுவந்தார்கள். என் கை பழுப்பிலிருந்து நீலமாயிற்று. சாராயக் கடைகளை அரசாங்கமே திறந்துவிட்டது. அப்படி ஒரு வருஷம், மழை முடிந்த சமயத்தில், மலையில் விஷக்காய்ச்சல் என்று பேச்சு வந்தது. ஆட்கள் சாகிறார்கள் என்றார்கள். பட்டை வியாபாரம் நின்றுபோனதால் மலைக்காரர்கள் அதிகம் கீழே வருவதில்லை, சரியான தகவலும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் சைக்கிள் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கேரியரில் ஒரு பை. உள்ளே பன் ரொட்டி, காய்ச்சல் மாத்திரை, அதற்கு அடியில் மடிப்புக் கலையாத பச்சை நூல் சேலை. தீபாவளிக்கு அவளுக்கு எடுத்தது. ஒரு தடவைகூடக் கட்டவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். "எத்தினி நாளைக்கு எனக்காக மனசை அடக்கிக்கினு இருப்பீங்க? உயிரு இருக்கறப்ப பாத்துடணும்."

"எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?"

"சரி, சொல்ல வேணாம். போய்ட்டு வாங்க."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பட்டைக்காரர் வீட்டில் எப்படி இருக்கிறார்களோ என்று எனக்கும் இருந்தது. மருந்து கொண்டுபோவது நல்ல காரியம்தான். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. நிஜம் என்னவென்றால், கேரியரில் பையோடு நின்ற சைக்கிளைப் பார்த்ததும் எனக்கு அந்த இறக்கம் ஞாபகம் வந்துவிட்டது. டார்ச்சை எடுத்து ஃபோர்க்கில் தாழக் கட்டினேன்.

மூச்சு முட்ட ஏறினேன். உடம்பு கனத்திருந்தது. பட்டைக்காரர் வீட்டில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மாத்திரையையும் ரொட்டியையும் கொடுத்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை யார் கையில் கொடுத்தாலும் மலையில் ஒருத்தி உண்டாகிவிடுவாள். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த இறக்கத்தை எப்படிச் சொல்வது? வருஷக்கணக்காகத் தொடாத பாதை, ஆனாலும் கை மறக்கவில்லை. பள்ளம் இடம் மாறியிருந்தது, கற்கள் புதுசு. பின்னால் சரிந்து, ஹேண்டிலைத் தளரவிட்டு, நிழலைப் பார்த்துப் பார்த்து விட்டேன். காற்று கண்ணில் அறைந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஓர் இடத்தில் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்து மறுபடி ஏறினேன். வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க யாரும் இல்லை. அடிவாரம் வந்ததும், இதை இன்றைக்கு அவளிடம் சொல்லிவிடலாம், இந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் தூங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்திருக்கும். முழங்கையிலிருந்து இரத்தம்.

"மாத்திரை குடுத்தீங்களா?"

"பட்டைக்காரர் வீட்ல குடுத்தேன்."

நான் சட்டைக்குள்ளிருந்து சேலையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "இந்தா, உன் சேலை. அங்க எனக்குன்னு யாரும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல" என்றேன். களைப்போ என்னவோ, கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

அவள் சேலையைத் தடவிப் பார்த்தாள். என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

"நேத்தே அனுப்பியிருந்தா மூஞ்சியையாவது பாத்திருப்பீங்க" என்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். கிணற்றடியில் தண்ணீர் சேந்தி, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். சொந்தத்தில் யாராவது செத்த சேதி வந்தால் செய்வது அது. மூன்று குடம் ஊற்றிக்கொண்டாள். பிறகு ஈரத்தோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லில் உட்கார வைத்தாள்.

"வேணாம்" என்றேன். "நான் சொல்றதக் கேளு."

"அழுவுங்க. எங்கிட்ட இன்னா வெக்கம்?" என்று என் தலையில் தண்ணீரை ஊற்றினாள். குளிர் நடுக்கியது. இன்னொரு குடம் ஊற்றினாள். குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று அழுகையை அடக்கிக்கொண்டே ஊற்றினாள். என் தலைமயிரில் ஒட்டியிருந்த மலைமண்ணைத் தேய்த்துக் கழுவினாள். அவள் கை அவ்வளவு இதமாக என்மேல் பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இனி எந்த நாளும் இவள் நான் சொல்வதை நம்பப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அழுகை வந்தது, அழுதேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் மலைப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். வீட்டில் ஓர் அமைதி வந்தது. அந்த மாதப் பௌர்ணமிக்கு நான் வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வந்து என் தோளைத் தொட்டு, "வாங்க, படுங்க" என்று உள்ளே அழைத்துப் போனாள். நான் பிறகு போகவே இல்லை. செத்துப்போனவளைப் பார்க்க எவன் இராத்திரியில் மலையேறிப் போவான்?